எந்த ஊர் வருத்தம்

நாலு மாதம் என்று சொல்லி மட்டக்களப்புக்குப் போன இசக்கிசெல்வி இரண்டாம் மாதமே பெட்டியை இழுத்துக்கொண்டு தாராவிக்குத் திரும்பி வந்தாள். சந்து முனையில், பால்வாடிச் சுவரில் சாய்ந்தபடி பூலோகம் அண்ணாச்சி நின்றிருந்தார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருடா வருடம் ஏதாவதொரு நாட்டிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் தாராவிக்குச் சேவை செய்ய வருவார்கள். யார் வந்தாலும் அந்தச் சுவருக்குத்தான் வர்ணம் அடிப்பார்கள். ஒரு வருடம் யானை வரும், அடுத்த வருடம் யானையை அழித்துவிட்டுச் சூரியகாந்தி வரும். சுவருக்குப் பின்னால் கக்கூஸ் கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டே இருக்கும். இசக்கி கிளம்பியபோது, "அவனுவ இங்க வந்து பெயிண்ட் அடிக்கானுவ. நீ அங்க போயி எந்தச் சுவத்துக்கு அடிக்கப் போற?" என்று கேட்டவர் இந்த அண்ணாச்சிதான்.

இப்போதும் கேட்டார். "என்னம்மா, அதுக்குள்ள பெயிண்ட் தீந்துபோச்சா?"

சத்தம் கேட்டு அவள் அப்பா ராஜபாண்டி வெளியே வந்தார். பெல்ட் தைக்கும் கார்கானாவில் வேலை அவருக்கு. கையில் பசை காய்ந்திருந்தது. "டிரஸ்ட்டுல இருந்து போன் வந்துச்சு மக்கா. உனக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னாவ."

"எனக்கு ஒரு கேடும் இல்லப்பா. தப்புப் பண்ணிட்டேன், திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க."

"மெதுவாப் பேசுட்டி. சந்துல அத்தனை பேரும் பாக்காவ."

"மெதுவாப் பேசினா ஒடம்பு சரியில்லங்கிறது நெசமாயிரும்." பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு நடந்ததை அப்படியே சொன்னாள். கேட்க விருப்பம் உள்ளவர்கள் கேட்டார்கள். இல்லாதவர்களுக்கும் கேட்டது.

இசக்கியின் பிடிவாதத்துக்கு வயது அதிகம். எட்டு வயதில், சுவருக்கு வர்ணம் அடிக்க வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் அவளுக்குப் பென்சில் பெட்டி கொடுத்தாள். இவள் வீட்டுக்கு ஓடி, அம்மா செய்து வைத்திருந்த முந்திரிக்கொத்தில் இரண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கூட வந்த மேற்பார்வைக்காரர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி விலக்கிவிட்டார். வயிற்றுக்கு ஆகாதாம். அன்று பென்சில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள், இத்தனை வருடம் கழித்துச் செம்பூரில் ஒரு கல்லூரியில் சமூகப் பணி படிக்கப் போனாள். கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் ஒரு டிரஸ்ட், இலங்கையில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தமிழ் தெரிந்த மாணவர்கள் வேண்டும் என்று கேட்டதும் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். கொடுக்கிற பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

டிரஸ்ட்டை நடத்தும் வெங்கடராமன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தேர்வு என்று அவர் கேட்டது ஒரே கேள்வி. "தமிழ் நன்னாப் பேசுவியா?"

"வீட்டுல தமிழ்தான் ஸார்."

"பேஷ். அப்போ பாஷைல ஒரு ப்ராப்ளமும் இல்லை."

படுத்திருப்பவரைப் புரட்டவும், முதுகு துடைக்கவும், புண் வராமல் பார்க்கவும் சயானில் ஒரு நர்ஸிங் ஹோமில் பழகிக்கொண்டுதான் போனாள். வேலையில் குறை இல்லை. குறை வந்தது ஒரு சொல்லில்.

அந்த இல்லத்தில் அன்னப்பிள்ளை என்றொரு அம்மாள் இருந்தார். ஊன்றுகோல் பிடித்துக் கிணற்றடிவரை நடந்து போய் வருவார், வாய் ஓயாது. ஒருநாள் காலை அவர் கட்டிலை விட்டு எழவில்லை. "எனக்கு வருத்தம் மகள்" என்றார். மகன் கனடாவிலிருந்து பேசி நாளாகிவிட்டது, அதுதான் வருத்தம் என்று இசக்கி முடிவு கட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாள். சிரிக்க வைக்கத் தாராவிக் கதையெல்லாம் சொன்னாள். சாப்பாடு இறங்கவில்லை, மனக்கஷ்டம் என்று நினைத்தாள். மறுநாளும் வருத்தம் என்றார், மறுநாளும் ஆறுதல் சொன்னாள். அதற்கடுத்த நாள் அந்த அம்மாள் பேச்சு குழறி, இசக்கியைத் தன் தங்கை என்று நினைத்துக் கூப்பிட்டார்.

அந்த ஊரில் வருத்தம் என்றால் நோய்.

சிறுநீரில் தொற்று. வயதானவர்களுக்கு அது வந்தால் காய்ச்சல் பெரிதாகக் காட்டாது. சாப்பாடு நிற்கும், பேச்சு தடுமாறும், அதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் மாத்திரையோடு போயிருக்கும். பிழைத்துக்கொண்டார், ஆனால் கிணற்றடிக்கு நடப்பது போயிற்று. இல்லத்தின் பொறுப்பாளர் சுலைகா, இசக்கியை எல்லோர் முன்னாலும் ஏசினார். ஏச்சை வாங்கிக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். விஷயம் மும்பைக்கு எட்டியதும் டிரஸ்ட் பயந்துபோய் டிக்கெட் அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை இசக்கி கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தே போனாள். டிரஸ்ட் அலுவலகம் ஒரு காப்பிப்பொடிக் கடையின் மாடியில் இருந்தது.

"வாம்மா. ஒடம்பு எப்படி இருக்கு?" என்றார் வெங்கடராமன்.

"நல்லா இருக்கு ஸார். எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் மாத்திச் சொல்லிட்டீங்க."

"எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான். நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரச்சே, தப்புப் பண்ணி அனுப்பிச்சுட்டான்னு பேர் இருக்கப்படாது பாரு."

"சீக்குக்காரின்னு பேர் இருந்தா கல்யாணத்துக்கு நல்லதா ஸார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்னைத் திருப்பி அனுப்புங்க ஸார். மிச்ச நாள் வேலை பாக்கணும்."

"அதெப்படி? மாட்டுங்காவுல சாதனான்னு ஒரு கொழந்தை இருக்கா, ரொம்பச் சமத்து. அவ போறா."

"வருத்தம்னா என்னன்னு அவளுக்குத் தெரியுமா?"

"இதென்ன கேள்வி? வருத்தம்னா வருத்தம்தான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. பேச்சை முடித்துவிட நினைத்து, "சுலைகா மேடத்துக்கிட்டயே கேட்டுடுவோம். அவா வேண்டாம்னா நீ கெளம்பிடணும்" என்று போனைப் போட்டார். காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேடம், ரெண்டு நாளாக் கூப்பிடறேன். எடுக்கவே இல்லையே?"

"எனக்கு வருத்தம் சேர். அதான் எடுக்க ஏலாமப் போயிட்டு."

வெங்கடராமனின் முகம் இளகியது. "புரியறது மேடம். இங்கேயும் வருத்தம்தான். டிரஸ்ட்ல எல்லாருக்குமே வருத்தம்."

சுலைகாவின் குரல் உயர்ந்தது. "எல்லாருக்குமா? அங்கயும் பரவிட்டா சேர்?"

"பரவி… நீங்க மனசை மட்டும் விட்டுடாதீங்கோ. ஆளை மாத்தி அனுப்பறோம். எல்லாம் சரியாப் போயிடும்."

"ஆள மாத்தினா காய்ச்சல் எப்பிடி சேர் சரியாகும்?"

இசக்கி மேசைமேல் குனிந்தாள். "அக்கா, நான் இசக்கி பேசுதேன். காய்ச்சல் மட்டுமா, இருமலும் இருக்கா?"

"மகள், நீ அங்கயா இரிக்காய்? இருமலும்தான். இஞ்ச மூணு பேருக்கு வருத்தம்."

"அன்னப்பிள்ளையம்மாவுக்கு?"

"அவக்கு ஒண்டுமில்ல. புரட்டிவிட ஆளில்லயெண்டு உனக்குத்தான் ஏசுறா."

"என்னைத் திரும்ப வரச் சொல்லுதீங்களா, வேண்டாமா? ஸார் கேக்காங்க."

"போகச் சொன்னது ஆரு? நான் ஏசினன். போ எண்டு சொல்லல்ல."

வெங்கடராமன் போனை வைத்தார். "வருத்தம்னா ஜுரமா?"

"எல்லா சீக்குக்கும் அதான் பேரு ஸார்."

"எனக்கு யாருமே சொல்லலியே."

"எனக்கும் யாரும் சொல்லல. நான் பண்ணினது சின்னத் தப்புன்னு சொல்ல வரல. நடந்துக்கிட்டிருந்தவங்க இப்பம் கட்டில்ல கெடக்காங்க. ஆனா அந்தத் தப்பத் திரும்பப் பண்ணாத ஆளு உங்க டிரஸ்ட்ல நான் ஒருத்திதான். கத்துக்கிட்டவள இங்க உக்கார வச்சுட்டு, கத்துக்காதவள அனுப்புவீங்களா?"

"டிரஸ்ட்டுக்குன்னு ரூல் இருக்கும்மா. திருப்பிக் கூப்பிட்டவாளை மறுபடி அனுப்பற வழக்கமில்லை."

"நோயாளிக்கு உங்க ரூல் தெரியாது ஸார்."

"நாளைக்குச் சொல்றேன், போயிட்டு வா."

"இங்கயே இருக்கேன்."

இருந்தாள். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோதும் அதே நாற்காலியில் இருந்தாள். சும்மா இல்லை. சாதனாவைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். "ஏலாதுன்னா முடியாது. கதைக்கிறதுன்னா பேசுறது. வருத்தம்னு யாராவது சொன்னா ஆறுதல் சொல்லாத. எங்க வலிக்குது, சாப்பிட்டாங்களா, மூத்திரம் போச்சா, அதக் கேளு. அப்புறமா வேணும்னா அழு."

வெங்கடராமன் வாசலில் நின்று அதைக் கேட்டார். பிறகு உள்ளே வந்து தொண்டையைச் செருமினார். "ரெண்டு டிக்கெட்டாப் போட்டுடறேன்."

"ஒடம்பு சரியில்லன்னு சொன்னதையும் மாத்தணும் ஸார்."

"என்னன்னு மாத்தறது?"

"தப்புப் பண்ணினா, கத்துக்கிட்டா, மறுபடி போறான்னு. எங்கப்பாவுக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க."

அவர் அவள் எதிரிலேயே ராஜபாண்டிக்குப் போன் செய்தார். நேராகச் சொல்ல வராமல் சுற்றி வளைத்தார், ஆனாலும் சொல்லிவிட்டார்.

கிளம்பும் அன்றைக்குப் பூலோகம் அண்ணாச்சி அதே சுவரில்தான் சாய்ந்திருந்தார். "மறுபடியுமா? அங்க அவ்வளவு சுவரா இருக்கு?"

"சுவருக்கெல்லாம் நேரமில்ல அண்ணாச்சி. மூத்திரத்துணி மாத்தப் போறேன்."

அண்ணாச்சி சுவரிலிருந்து முதுகை எடுத்தார். ராஜபாண்டி பெட்டியை ரிக்ஷாவில் ஏற்றினார். பசை ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீ போறது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு மக்கா" என்றார்.

இசக்கி புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "எந்த ஊர் வருத்தம்ப்பா?"

"இந்த ஊருதான்."

"அப்பம் மாத்திரை வேண்டாம்" என்று ஏறி உட்கார்ந்து, ரிக்ஷாக்காரனைப் போகச் சொன்னாள்.