அவள் ஏறும் ரயில்

என் மனைவிக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தபோது, இரண்டு வருடம்தான் என்று பேசிக்கொண்டோம். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர் வேலை. பினாங்கிலேயே இருந்தால் அந்தப் பதவிக்கு இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். என்னால் கூடப் போக முடியவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகையும் பேனரும் செய்யும் சின்னக் கடை எனக்கு. வீட்டில் என்னைப் பெற்ற அத்தா இருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு, ஒருவர் கை கொடுக்காமல் அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியாது.

அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை மதியம் அவள் ரயிலில் பட்டர்வொர்த் வருவாள். நான் ஃபெரியில் போய் அழைத்து வருவேன். ஞாயிறு மதியம் அதே ஃபெரியில் கொண்டுபோய் விடுவேன். ரயில் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தோடு நின்றுவிடும், பினாங்குத் தீவுக்கு வராது.

கடையில் ஆள் வராத நேரங்களில் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருப்பேன். தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ஊருக்கு ஊர் ரயில் விடும் விளையாட்டு. அதில் நம் பக்கத்து ஊர்களையெல்லாம் நானே அமைத்திருந்தேன். பட்டர்வொர்த், நிபோங் திபால், ஈப்போ, கோலாலம்பூர். ஆனால் ஓடிய ரயில்கள் எல்லாம் வெளிநாட்டு ரயில்கள். நிபோங் திபாலில் ஒரு நாளும் நிற்காத பச்சை இஞ்சின் வந்து நிற்கும். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. வேண்டிய ரயிலை நாமே வரைந்து அதில் சேர்க்கலாம் என்று இணையத்தில் படித்தபோது, அவள் ஏறி வரும் ரயிலை வரைவது என்று முடிவு செய்தேன்.

இருபது அடி பேனரில் பிரியாணித் தட்டைப் போட்டுப் பழகிய கை எனக்கு. இதில் ஒரு பெட்டியே முப்பது புள்ளி நீளம்தான். ஒவ்வொரு புள்ளியாக நிறம் வைக்க வேண்டும். ரயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிய வேண்டும் என்பதால் இஞ்சினை எட்டுத் திசையிலிருந்து வரைய வேண்டும். விளையாட்டில் ரயிலை மேலே இருந்து பார்ப்பதால் கூரைதான் அதிகம் தெரியும். கூரையை நான் பார்த்ததே இல்லை. அவளுக்குப் போன் செய்தேன்.

"ரயில் கூரைய ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?"



"மத்தவங்க புருஷனெல்லாம் பொண்டாட்டி போட்டோ கேப்பாங்க," என்றாள். "நீங்க கூரைய கேக்கிறீங்க."

ஆனாலும் போனாள். அவள் தங்கியிருந்த அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம் உண்டு. அந்த ரயில் அங்கே நிற்காது, பாய்ந்து போய்விடும். முதல் மூன்று முறையும் வெறும் தண்டவாளம்தான் படத்தில் விழுந்தது. நாலாவது நாள் ஸ்டேஷனைக் காவல் காக்கும் ஜாகா அவளிடம் வந்து, எதற்குத் தினமும் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். புருஷன் வரைகிறார் என்று சொன்னதும், எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு படங்கள் வந்தன. கூரையில் வரிசையாகக் குளிர்சாதனப் பெட்டிகள், நடுவில் மேலே போகும் மின்கம்பியைத் தொடும் இரும்புக் கை, மழையில் படிந்த அழுக்கு.

பெட்டியின் பக்கவாட்டுப் படங்களை அவள் ரயில் ஏறும் முன் எடுத்தாள். ஜன்னல் எவ்வளவு அகலம் என்று பார்க்க ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணாடியில் அவள் தெரிந்தாள். தலைத்துணி கொஞ்சம் சரிந்து, தோளில் பை, கையில் போன். அவள் அப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கும்போது சிரித்த முகமாகத்தான் இறங்குவாள். ஜன்னலை அளப்பதை விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

முதல் முறை ரயிலை ஓட விட்டபோது அவள் வீட்டில் இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு நான் வைத்த நீலத்தை அந்த விளையாட்டு வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டதால், ஜன்னல் வழியே பின்னாலிருந்த புல் தெரிந்தது. ரயில் முழுக்க ஓட்டை.

"இதுலயா நான் வரேன்?" என்று அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த அத்தா என்னவென்று கேட்டார்.

மறுநாள் ஃபெரியில் சொன்னாள். இரண்டு வருடம் முடியப்போகிறது, இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்."

வழக்கமாக ரயில் கிளம்பும்வரை நிற்பேன், அன்று டிக்கெட் வாசலிலேயே திரும்பிவிட்டேன். அந்த வாரம் முழுக்க வரைந்தேன். கோபம்தான், ஆனால் வரைந்தது அவள் ரயிலை. ஜன்னல்களை அடைத்தேன், பெட்டியின் மஞ்சள் நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினேன், எட்டுத் திசையையும் முடித்தேன். முடித்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அவள் வர இன்னும் ஏழு நாள் இருந்தது.

நிபோங் திபாலில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு, ரெண்டு நாள் அத்தாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"இத கேக்க ரெண்டு வருசமா உனக்கு?" என்றார் அக்கா.

இத்தனை நாள் வரைந்த ரயிலில் அப்போதுதான் முதல் முறை ஏறினேன். நாலு மணி நேரம். கோலாலம்பூரில் அவள் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தாள். அவள் அறைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததுமே, கேட்காமல் அவளுக்குச் சர்க்கரை குறைத்த தே தாரிக் டீ வந்தது. கடைக்காரம்மா என்னைக் காட்டி, "இவர்தான் ரயில்காரரா?" என்று கேட்டார். வேலை இடத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்கு மூவரும் சிரித்தார்கள்.

மேலே போய் மடிக்கணினியில் ரயிலைக் காட்டினேன். தண்டவாளத்தில் அது கோலாலம்பூருக்கும் பட்டர்வொர்த்துக்கும் போய்ப் போய் வந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இங்க சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டேன்.

"இருக்கேங்க," என்றாள். "அத உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே மழை ஆரம்பித்திருந்தது. அவள் எழுந்துபோய்க் காயப்போட்ட துணிகளை எடுத்து வந்தாள். நான் மடித்துக் கொடுத்தேன்.

இப்போது மாதத்தில் ஒரு முறை அவள் வருகிறாள், ஒரு முறை நான் போகிறேன். அக்கா முகம் சுளிக்காமல் வந்து அத்தாவோடு இருக்கிறார். திரும்பி வரும்போது ரயில் பாதி காலியாக இருக்கும். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லையென்றாலும் அது அவள் இடம் என்று என் பையை அதில் வைப்பதில்லை. மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.