மைன்ஸ் நகரில் ஒரு பகல்

காப்பெல் என்ற அமெரிக்கச் சிறுநகரில் எங்கள் வீட்டின் கராஜ் கதவை முழுக்க ஏற்றிவிட்டு, நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என் மாமனார். ஈரோட்டில் சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு அவர் தங்கியது ஒரே ஒரு கோடை. அந்தத் தெருவில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. குப்பை வண்டி, தபால் வண்டி, நாயோடு நடப்பவர்கள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. காரில் போனால் ஃப்ரீவேயின் ஒவ்வொரு எக்ஸிட் பெயரையும் வாய்விட்டுப் படிப்பார். ஊர் திரும்பிய பிறகும், நாங்கள் எங்கே போய் வந்தாலும் போனில் அவருடைய முதல் கேள்வி, "அங்க என்னென்ன பாத்தீங்க மாப்பிள்ளை?" என்பதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவருக்கு மாரடைப்பு என்று செய்தி வந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு நானும் மனைவியும் கிளம்பினோம். பிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால், பனியால் சென்னை விமானம் ரத்து. மறுநாள்தான் அடுத்தது என்று, அருகிலிருந்த மைன்ஸ் என்ற சிறிய நகரத்தில் அறை கொடுத்து அனுப்பினார்கள். அறைக்குள் நுழையும்போதே மைத்துனன் அழைத்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, அப்பா மயக்கத்தில் இருக்கிறார், நாளை வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள், பதறாமல் வாருங்கள் என்றான். மனைவி கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டாள்.

பனி நின்று வெயில் வந்திருந்தது. செந்நிறக் கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்தின் முன்னால் சந்தை கூடியிருந்தது. சுடச்சுட வறுத்த ஏதோ கொட்டையை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரைன் ஆற்றங்கரை வரை நடந்தோம். பிள்ளைகள் பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் அப்படி நடந்ததே இல்லை. நீளமான சரக்குப் படகு ஒன்று போனது. அதன் மேல்தளத்தில் ஒரு கார் நின்றது. பக்கத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். "அப்பா பாத்தா படகு மறையற வரைக்கும் நகர மாட்டார்" என்று சொல்லி அவருக்காகவே படம் எடுத்தாள். பனியில் நான் வழுக்கி உட்கார்ந்தபோது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

ஈரோட்டில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். மகள் வந்து சேர இத்தனை நேரமா என்று ஒரு பெரியம்மா முன்பே கேட்டுவிட்டிருந்தார். மாமனார் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். குரல் தேய்ந்திருந்தது. வழியில் ஏதோ ஊரில் தங்கினீர்களாமே, அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"எங்கயும் போகலீங்கப்பா. ரூம்லயே உக்காந்திருந்தோம்" என்றாள் மனைவி.

அவர் என் பக்கம் திரும்பினார். வெளியே தலைகாட்ட முடியாத குளிர் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். அவர் மெல்லத் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிழைத்து எழுந்து இன்னும் ஒரு வருடம் நன்றாகவே இருந்தார். வாரந்தோறும் பேசினோம். ஒருமுறை சொன்ன பொய்யை எப்படி மாற்றுவது என்று தெரியாமல், படங்களை அனுப்பவே இல்லை. அவர் போன பிறகு, அந்தப் படங்களை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததுகூட இல்லை.

போன மாதம் மைத்துனன் அழைத்திருந்தான். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவதைப் பற்றிப் பேச்சு. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வரும் வழியில் எங்காவது இரண்டு நாள் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றவன், தொடர்ந்து சொன்னான்:

"அப்பா அதையே சொல்லிட்டிருந்தார் மச்சான். என்னால புள்ளைங்க ரெண்டும் ஒரு புது ஊருக்குப் போயும் ரூமுக்குள்ளயே கெடந்துட்டு வந்துருச்சுங்க, ஒரு எட்டு வெளிய போயிருக்கலாம்னு. கடைசி வரைக்கும் அவருக்கு அது ஒரு குறைதான்."

மனைவியின் கை நின்றுவிட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"போனோம்" என்றேன். "பகல் பூரா சுத்தினோம். சந்தோஷமா இருந்தோம்."

அவனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றான்.