ஓட்டம் இல்லாத இரண்டு வாரம்

1949 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் நாலு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்து, காப்பி குடித்து, கான்வாஸ் ஷூவின் நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு மாதுங்கா வீட்டை விட்டுக் கிளம்பினேன். சயான் போகிற வழியில், தாராவி திரும்பும் முனையில், காதைச் சுற்றி மஃப்ளரோடு காசிம் பாய் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன வே, இன்னையோட சரியா?” என்றார்.

ஆமாம். மாரத்தானுக்கு முந்தைய கடைசி நீண்ட ஓட்டம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குக் காசிம் பாயைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நான் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தொப்பையைக் குறைக்கத் தனித்தனியாக ஓட ஆரம்பித்து, தினமும் ஒரே சாலையில் எதிரெதிரே மூச்சிரைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர் சட்டென்று திரும்பி என்னோடு சேர்ந்துகொண்டார். அவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

காசிம் பாய்க்கு ஒரு குணம் உண்டு. கிளம்பியவுடன் பறப்பார். பத்தாவது மைலில் முகம் சாம்பலாகிவிடும். என் குணம் வேறு. முதல் மைலும் இருபதாவது மைலும் எனக்கு ஒரே சீர்தான். அவர் முந்தினால், “ஓய்!” என்பேன். வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

“நீரு மாடு, நான் குதிரை. மாட்டோட சேத்துக் கட்டினாத்தான் இந்தக் குதிரை ஊரு போய்ச் சேரும்” என்பார்.

போட்டி பிப்ரவரி 6-ஆம் தேதி. கிங்ஸ் சர்க்கிளில் ஆரம்பித்து முலுண்ட் போய்த் திரும்ப வேண்டும். இருபத்தாறு மைல். இருவருக்குமே முதல் மாரத்தான். நீர் ஓடினால் நான் ஓடுகிறேன் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் பெயர் கொடுத்தோம். ஜெயிப்பதெல்லாம் எங்கள் கணக்கிலேயே இல்லை. முடிக்க வேண்டும். சேர்ந்து முடிக்க வேண்டும்.

அன்று பாண்டுப் வரை போய்த் திரும்பினோம். போகும்போது எருமைப்பால் வண்டிகள் எதிரே வந்தன. திரும்பும்போது வெயில் வந்துவிட்டது. சயானில் நின்றபோது என் தொடைகள் தானாக நடுங்கின. காசிம் பாய் மஃப்ளரைப் பிழிந்துகொண்டே சிரித்தார்.

“இன்னும் அஞ்சு மைலு. அது ஒரு மைலா வே? ஒம்ம ஆபீஸ் மாடிப்படி அம்புட்டுத்தான்!”

எங்களுக்கு வழி சொல்லும் ஓட்டக் கழகச் செயலாளர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அன்று மாலையே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி இரண்டு வாரம் ஓட்டம் அறவே கூடாது. “ஆராம் கரோ, ஓய்வெடுங்கள். இனிமேல் ஓடிச் சேர்க்க ஒன்றும் இல்லை. கெடுத்துக்கொள்ளத்தான் முடியும்.”

எளிய உத்தரவுதானே? உட்கார் என்கிறார். உட்கார வேண்டும்.

ஆனால், நம் வீடுகளில் ஒரு மனிதன் சும்மா உட்கார முடியுமா? ஜுரம் வந்தால் முடியும். கட்டுப் போட்டிருந்தால் முடியும். நன்றாக இருக்கிற கால்கள் சும்மா இருந்தால், அவை வேலையற்றுப் போனதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உடனே ஒரு வேலை பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்!

“ஏன்னா, கார்த்தாலே ஓட்டம் இல்லையோன்னோ? ரேஷன் க்யூவிலே போய் நின்னுட்டு வந்துடுங்கோளேன்” என்றாள் என் மனைவி. நின்றேன். மறுநாள் செம்பூரில் அவள் அக்கா வீட்டுக்கு அம்மிக்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் பரணை ஒழித்தேன். உண்மையைச் சொல்கிறேன்... எனக்கும் அது பிடித்திருந்தது. நாலு மணிக்கு விழிப்பு வந்து, போக இடம் இல்லாமல் கால்கள் தவித்துக்கொண்டிருந்தன. ஒழுங்காக வாழ்கிறவனுக்குக் காலியான நேரத்தைப் போல பயம் தருவது வேறில்லை.

அப்போதுதான் மாடி வீட்டுச் சாமா ஐயர் வந்தார். பிப்ரவரி 3-ஆம் தேதி வியாழக்கிழமை அவர் பெண்ணுக்குக் கல்யாணம். எங்கள் காம்பவுண்டிலேயே பந்தல். சமைக்கத்தான் ஆள் வரும். பரிமாறுவது எப்போதும் கட்டிடத்து ஆண்கள்தான். அது இங்கே எழுதாத சட்டம்.

“ரசவாளியை நீர் பிடிச்சுண்டா எனக்குக் கவலையே இல்லே. தினம் ஓடற கால்! பந்தி கிடுகிடுன்னு முடிஞ்சுடும்” என்றார்.

புதன்கிழமை மாலை காசிம் பாய் வந்தபோது இடுப்பில் துண்டோடு பெஞ்சு நகர்த்திக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சின் மறு முனையைப் பிடித்து நிறுத்தினார்.

“செயலாளரு என்ன சொன்னாரு? உக்காருன்னாரு. நீரு என்ன செய்யுதீரு?”

“ஓடலையே, ஓய். பரிமாறத்தானே போறேன்.”

“வேற ஆளு இல்லியா?”

“அவா என்னை நம்பிண்டு இருக்கா.”

“நானுந்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்” என்றார். பிறகு, தனியாகவே பெஞ்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

பந்தி பரிமாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஓட்டத்தை விடக் கொடுமை. முதுகு வளைந்தபடி, வெறுங்காலோடு, ஈரத் தரையில், கையில் கொதிக்கிற வாளியோடு... இலைக்கு இலை நின்று நின்று போக வேண்டும். முதல் பந்தி சுகமாக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பந்தலின் கடைசியிலிருந்து ஒரு குரல்: “ரசம் இங்கே வரவேயில்லை!”

ஓடினேன். பத்து நாளாக ஓடாத கால்கள் அல்லவா? சந்தோஷமாக ஓடின.

யாரோ சிந்திய பாயசத்தில் இடது கால் வழுக்கியது. விழவில்லை. வாளியில் ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை. ஆடுசதையில் மட்டும் உள்ளே ஏதோ அறுந்தது போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பந்தியை முடித்தேன். நொண்டியது யாருக்கும் தெரியவில்லை என்று அதில் ஒரு பெருமை வேறு!

மறுநாள் கால் தரையில் ஊன்றவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு ஓட்டத்தை மறந்துவிடச் சொன்னார்.

காசிம் பாயின் பட்டறைக்குக் குதிரை வண்டியில் போய் இறங்கினேன். கட்டைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார்.

“ரசமா?”

“ரசம்தான்.”

“நல்லா இருந்துச்சா?”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தோலை மேஜைமேல் வைத்து, அதையே தடவிக்கொண்டிருந்தார். “அப்ப நானும் ஓடல” என்றார். நான் கெஞ்சினேன். ஒரு வருஷத்து உழைப்பு வீணாவது என் ஒருவனோடு போகட்டும் என்றேன். கடைசியில் தலையாட்டினார். அது எனக்காக ஆட்டிய தலை.

ஞாயிற்றுக்கிழமை அவரை வழியனுப்பிவிட்டு, லோக்கல் ரயிலில் முலுண்டுக்குப் போய், திரும்பும் இடத்தில் கம்பு ஊன்றி நின்றேன். காசிம் பாய் வந்தார்... நாங்கள் பேசி வைத்திருந்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்தார். “ஓய்! மெல்ல!” என்று கத்தினேன். கையை ஆட்டினார். கூட்டத்தின் இரைச்சலில் என் குரல் அவர் காதில் விழுந்ததா, தெரியாது. பக்கத்தில் ஓடிக்கொண்டு சொல்வது வேறு, ஓரத்தில் நின்று கத்துவது வேறு.

கிங்ஸ் சர்க்கிளுக்குத் திரும்பிவந்து காத்திருந்தேன். முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கைதட்டினேன். கடைசி ஆளும் வந்தாயிற்று. பிறகு கழகத்தின் லாரி வந்தது. பின்பக்கத்தில், ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். காட்கோபர் தாண்டி மயங்கி உட்கார்ந்துவிட்டாராம்.

கைகொடுத்து இறக்கினேன். அவர் ஒரு நொண்டி, நான் ஒரு நொண்டி. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தனியா ஓடுறது மறந்தே போச்சு வே” என்றார்.

அன்று நான் சாப்பிடவில்லை. ஒருவருக்கு ‘சரி’ என்று சொல்லும்போது, இன்னொருவருக்கு ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். முதலாமவர் எதிரே நிற்கிறார், முகம் தெரிகிறது. இன்னொருவர் தெருமுனையில் காத்திருக்கிறார். நல்ல பெயர் வாங்குகிற அவசரத்தில் தெருமுனை கண்ணுக்குத் தெரிவதில்லை.

திங்கட்கிழமை காலை, காப்பிக்கும் முன்னால் கதவு தட்டப்பட்டது. சாமா ஐயர். “வாடகைப் பாத்திரமெல்லாம் திருப்பிக் கொடுக்கணும். வண்டியிலே ஏத்த ஒரு கை பிடிக்கறேளா?”

“முடியாது” என்றேன்.

“அடடா, கால் வலியா?”

“கால் வலி இல்லாட்டாலும் முடியாது, மாமா.”