மிருகக்காட்சிச்சாலையில் என் மகள் நடந்த தூரம்

ஐயா, அம்மையீர்,

வாசிகசாலை மேசையில் இந்தத் தாள்களை எடுத்து விரிப்பவர் யாராயினும், முதலில் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பணிவு அதோடு முடிந்தது. இனி எழுதப்போவதில் பணிவு இராது.

என் மகள் காலை இழுத்து நடக்கிறாள் என்றும், அதனாலேயே சுவிஸ் மாப்பிள்ளை வீட்டார் அவளை வேண்டாமென்று விட்டார்கள் என்றும் நம் ஊர் உடுப்பிட்டியில் ஒரு கதை உலாவுகிறது. கதைக்குச் சாட்சியாகக் கைப்பேசிகளில் ஒரு வீடியோவும் உலாவுகிறது. மிருகங்களின் கூடுகளுக்கு நடுவே சேலையுடுத்த ஒரு பெண் நொண்டிக்கொண்டு போவது அதில் தெரிகிறது. அந்தப் பெண் என் மகள்தான். நொண்டியதும் உண்மைதான். ஆனால் ஏன் நொண்டினாள் என்பதும், வேண்டாமென்று சொன்னவர் யார் என்பதும் அந்த வீடியோவில் இல்லை. அவற்றை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது போரில் எங்கள் கிணற்றடியில் விழுந்த ஷெல் குண்டின் துண்டு ஒன்று இடது முழங்காலுக்குக் கீழே ஏறியது. எடுத்தால் நரம்பு கெட்டுவிடும் என்று வைத்தியர்கள் அதை உள்ளேயே விட்டுவிட்டார்கள். இன்று அவளுக்கு முப்பத்தொரு வயது. கணிதம் படிப்பிக்கிறாள். பாடசாலைக்குச் சைக்கிளில் போய் வருகிறாள். மாரி காலத்தில் அந்த இடம் சற்று உளையும். அவ்வளவே.

கலியாணத் தரகர் முதல் நாள் வந்தபோதே இதைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உதை ஏன் ஐயா சொல்லுறியள்? நடையிலை ஒண்டும் தெரியேல்லைத்தானே. அவையள் என்ன, எக்ஸ்ரே எடுத்தே பாக்கப் போகினம்?"

நான் கேட்கவில்லை. குறையை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டான் என்று நாளைக்கு ஒருவன் என் வாசற்படலையடியில் வந்து நின்று சொல்லக் கூடாது. காலின் விவரத்தை ஒரு தாளில் எழுதி, சாதகக் குறிப்போடு சேர்த்து அனுப்பினேன். அது பெரிய விடயமே இல்லை என்று மாப்பிள்ளையின் தமையனார் தொலைபேசியில் பதில் சொன்னார். அந்தச் சொல்லை நம்பினேன். மனிதர்கள் வாயால் சொல்வதை நம்பும் பழக்கம் எழுபது வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.

மாப்பிள்ளை அகதியாகப் போனவர். இங்கே திரும்ப முடியாது. அப்படிப்பட்டவர்களை எங்களவர் இந்தியாவில் சந்திப்பது வழக்கம். ஆனால் தமையனாரும் மனைவியும் இந்தோனேசியாவுக்கு விடுமுறைக்குப் போக ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்தார்கள். எங்கள் காரியத்தை அந்த விடுமுறையின் ஓரத்தில் செருகினார்கள். வளர்த்த மாடு இரண்டை விற்று, என் மனைவியை வீட்டில் விட்டு, நானும் மகளும் விமானம் ஏறினோம். இறங்கிய அன்றிரவே தமையனார் அழைத்தார்.

"நாளைக்கு மிருகக்காட்சிச்சாலையிலை சந்திப்பம் அங்கிள். நல்ல பெரிய இடம், ஆருக்கும் கட்டுப்படியாகும்."

கோயில் இல்லையா என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது கோயிலில்தான். பெண் வீட்டார் கும்பிட வந்தவர்கள் போல வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக நிற்பவர்கள் போல நிற்பார்கள். பெண் வெளிவீதியை ஒருமுறை சுற்றி வருவாள். பிடிக்காவிட்டால் இரு வீட்டாருக்கும் வெட்கம் இல்லை. "உது கோயிலை விடப் பெரிசு அங்கிள், ஆறுதலாக் கதைக்கலாம்" என்றார். பெரிது என்பதை அவர் இருமுறை அழுத்திச் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

என் பிழையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பெண் பார்க்கும் நாளில் சேலைதான் உடுக்க வேண்டும், புதுச் செருப்புத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் செய்தவன் நான். யாழ்ப்பாணப் பட்டணத்தில் வாங்கிய குதியுயர்ந்த செருப்பு அது. "அப்பா, உதோடை மிருகக்காட்சிச்சாலைக்கோ? யானையும் என்னைப் பொம்பிளை பாக்கப் போகுதோ?" என்று மகள் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் போட்டுக்கொண்டாள்.

காலை ஒன்பது மணிக்கே அங்கே வெயில் தலையைப் பிளந்தது. நுழைவுச்சீட்டு, நெல்லியடியில் குடிக்கும் ஒரு தேநீரின் விலைக்கு மேலில்லை. அதனால் நகரத்துச் சனம் முழுவதும் அங்கேதான் நின்றது. மரங்களின் கீழே பாய் விரித்து, சோற்றுப் பொதியை அவிழ்த்து, பிள்ளைகளை உருளவிட்டுத் தம் வீட்டு முற்றம் போல இருந்தார்கள். பாய் வாடகைக்கு விடும் பெண்கள் சுருட்டிய பாய்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரிந்தார்கள். அவர்களுடைய மகிழ்ச்சி எனக்கு எரிச்சலாக இருந்தது. என் கையில் பயற்றம் பணியாரம் நிறைந்த தகரப்பெட்டி ஒரு பையில் தொங்கியது. மூன்றாம் நாட்டில், மிருகங்களுக்கு நடுவே, சம்பந்தம் பேச வந்தவன் நான் ஒருவனே.

கூழைக்கடாக் குளத்தடியில் அவர்களைக் கண்டோம். தமையனார் அரைக் காற்சட்டையும் ஓட்டக்காரர் சப்பாத்தும் அணிந்திருந்தார். அவர் மனைவியும் அவ்வாறே. மாப்பிள்ளை நாற்பதை நெருங்கியவர், பருத்தவர், வணக்கம் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். இருந்து கதைக்கலாம் என்று ஒரு வாங்கு இருக்கையைக் காட்டினேன்.

"இருக்கிறதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள் அங்கிள்? வாங்கோ, நடப்பம்" என்றார் தமையனார்.

யானை, பிறகு ஒட்டகச்சிவிங்கி, பிறகு ஒராங்குட்டான். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு ஊரைக் கடக்கும் தூரம். சக்கரத்தில் ஓடும் சிறு ரயில் ஒன்று சனத்தை ஏற்றிக்கொண்டு போனது. அதில் ஏறுவோமே என்றேன். "ஏறினால் ஒண்டும் வடிவாத் தெரியாது அங்கிள்" என்றார். அவருக்குத் தெரிய வேண்டியது எது என்பது ஒராங்குட்டான் கூட்டடியில் எனக்கு விளங்கியது.

தமையனாரின் மனைவி எங்களோடு சேர்ந்து நடக்கவேயில்லை. எப்போதும் என் மகளுக்குப் பத்து அடி பின்னால் வந்தாள். சப்பாத்துக் கயிறு கட்டுவாள், தண்ணீர் குடிப்பாள், ஆனால் முன்னுக்கு வரமாட்டாள். கைப்பேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டுக்குள் அந்தப் பெரிய சிவந்த குரங்கு, சாக்கொன்றைத் தலையில் போட்டபடி எங்களையே பார்த்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கைப்பேசி என் மகளின் கணுக்காலைப் பார்த்தது.

"தங்கச்சி, கொஞ்சம் கெதியா நடவுங்கோ, புலி படுத்திடும்" என்றாள்.

நான் எழுதிய தாளை அவர்கள் மறக்கவில்லை. பரீட்சை வைக்கவே இவ்வளவு பெரிய இடத்தைத் தேடியிருக்கிறார்கள். கோயிலில் ஒரு சுற்று. இங்கே முழு நாள். நானும் சுத்தமானவன் அல்லன். என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது, கோயில் வீதியில் நின்று ஒருத்தியின் நடையைப் பார்த்து, தோள் சரிந்து நடக்கிறாள் என்று வீட்டில் வந்து சொன்னவன் நானே. அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று நான் விசாரித்ததில்லை. ஒராங்குட்டான் கூட்டடியில் அவள் எனக்கு நினைவுக்கு வந்தாள். வந்தும் என் கோபம் குறையவில்லை.

புலிகளைத் தாண்டியபோது மகள் நொண்டத் தொடங்கினாள். இடது காலில் அல்ல, வலது காலில். புதுச் செருப்பின் வார் குதிகாலைத் தின்றிருந்தது. தமையனாரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து முறுவலித்ததைக் கண்டேன். எந்தக் கால் என்றுகூடப் பார்க்கத் தெரியாத பரீட்சகர்கள்.

கொமோடோ உடும்புகளின் வேலியடியில் தமையனார் உற்சாகமாக இருந்தார். "அங்கிள், உதிலை ஒண்டைப் பிடிச்சு ஊருக்குக் கொண்டுபோனால் ஒரு தெருவுக்கே கறி காணும்!" மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு இரு செருப்புகளையும் கழற்றினாள். என்னிடம் நீட்டினாள். குதிகாலில் இரத்தம் இருந்தது. திரும்பித் தமையனாரின் மனைவியைப் பார்த்தாள்.

"அக்கா, முன்னாலை வாங்கோ. பின்னாலை நிண்டு எடுத்தால் முகம் விழாது."

"ஐயோ தங்கச்சி, நான் உடும்பையெல்லோ எடுக்கிறன்."

"உடும்பு இஞ்சாலை, அக்கா."

தமையனார் சிரித்தார். வேறொருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை போய் ஒரு வாங்கில் தொப்பென்று இருந்தார். முகம் வெளிறி வியர்த்திருந்தது; இரு கைகளாலும் முழங்கால்களைப் பிடித்திருந்தார். மகள் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்டாள். காலையிலிருந்து அவர்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அது.

"உங்கடை காலுக்கு என்ன?"

"அவனுக்கு ஒண்டுமில்லை, வெக்கை" என்றார் தமையனார்.

மாப்பிள்ளை போத்தலை மூடினார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு முழங்காலும் பழுதாப் போட்டுது. பதினாறு வருசம் ஹோட்டல் குசினியிலை நிண்டு சமைச்சனான். படி ஏறேலாது."

எங்கள் வீட்டுக்கு வந்த குறிப்பில் இது இல்லை. நாங்கள் எழுதினோம், அவர்கள் மறைத்தார்கள். நான் அதைக் கேட்க வாயெடுத்தேன். மகள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவள் முகத்தில் வெறுப்பு இல்லை. அந்த மனிதர் தம் வாயாலேயே உண்மையைச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது என்று எண்ணுகிறேன். அந்த ஒரு நிமிடம் காரியம் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். அவள் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்கு அது பெரிசில்லை. என்ரை காலும் உங்களுக்குப் பெரிசில்லையெண்டால், ஒண்டு மட்டும் கேக்கிறன். அக்கா எடுத்த வீடியோவை அழிக்கச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ."

அவர் அண்ணியைப் பார்த்தார். தமையனைப் பார்த்தார். தமையனார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். உடும்பு ஒன்று நாக்கை நீட்டி எடுத்தது. பாய்க்காரி ஒருத்தி எங்களைக் கடந்து போனாள்.

"அண்ணை கோவிப்பார்" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப சரி" என்று மகள் எழும்பினாள். "எனக்குச் சம்மதமில்லை. தரகர் வந்து சொல்லுமட்டும் நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை."

"நடக்கவே ஏலாத பெட்டைக்கு என்ன திமிர்!" என்றாள் அந்தப் பெண். தமையனார் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கோ. முப்பத்தொரு வயசு. இனி ஆர் வரப்போகினம்?"

"தம்பி, உமக்கு ஒரு வீடியோ காணாதெண்டால் இன்னொண்டு எடும். இப்ப நடக்கப்போறா" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் என்னை வெட்கப்படுத்தாதது அது ஒன்றுதான்.

அவள் வெறுங்காலோடு நடந்தாள். உடும்புகளிலிருந்து புலிகள், குரங்குகள், ஒட்டகச்சிவிங்கி, யானை, கூழைக்கடாக் குளம் என்று வந்த வழி முழுவதும். சிறு ரயில் இருமுறை கடந்து போனது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கோயில் வீதியில் நடப்பதைப் போலத்தான் நடந்தாள், நேராக. நான் செருப்புகளை ஒரு கையிலும் பணியாரப் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, இம்முறை அவளுக்குப் பின்னால் போனேன். அவள் நடையில் எந்தப் பிழையும் இல்லை. வாசலில் பாய் வாடகைக்கு விடும் ஒரு கிழவியிடம் பணியாரத்தைத் தகரத்தோடு கொடுத்துவிட்டேன். அவள் இரு கைகளாலும் வாங்கினாள். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று என் மனைவி சுட்ட பணியாரம் அது.

அந்த நடையை அவர்கள் படமெடுக்கவில்லை. புலியடியில் செருப்போடு நொண்டிய பகுதியை மட்டும் வெட்டி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை எங்கள் சந்தியில் நின்று பார்த்தவர்களில் சிலர் என் மகளிடம் படித்தவர்கள். சிலர் என்னோடு இந்த வாசிகசாலையில் பத்திரிகை படிப்பவர்கள். பார்த்தவர்கள் எவரும் வந்து என்னிடம் கேட்கவில்லை. எனவே உங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

இதை எழுதப்போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கோ அப்பா. ஆனால் செருப்பையும் எழுதுங்கோ. அது உங்கடை வேலை."

எழுதிவிட்டேன். வீடியோவை அழிக்கும்படி எவரையும் நான் கேட்கப்போவதில்லை. இந்தத் தாள்களை மட்டும் பத்திரிகைகளோடு கட்டிப் பழைய கடதாசிக்குப் போட்டுவிடாமல், கேட்பவர் எடுத்து வாசிக்கும்படி வாசிகசாலை அலுமாரியில் வைத்திருங்கள்.