சேவல் என் வயிற்றில் இருந்த மாதங்கள்

என் மாமியாரின் சேவல் என்னைக் கொத்தாத நாளே அந்த வருஷம் கிடையாது. துணி துவைக்கப் போனால் கணுக்காலில் கொத்தும். தண்ணீர் சேந்தக் குனிந்தால் முழங்காலுக்குப் பின்னால் கொத்தும். கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், சுற்றிலும் கருவேல முள்வேலி, அதற்குள் ஒரு கூட்டம் கோழி. அத்தனைக்கும் நடுவில் இவன் மட்டும் தாசில்தார் மாதிரி நடப்பான். நான் விளக்குமாற்றை ஓங்கினால் உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வரும்.

“மேல பட்டுச்சின்னா பாத்துக்கோ! அது நம்மளுது இல்ல, எல்லையம்மனோடது!”

அது 1991. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் இரண்டாவது முறையாக மாசமாக இருந்தேன். முதல் பிரசவம் முந்தின வருஷம் அதே வீட்டில் நடந்தது. வலி வந்தும் பிள்ளை வரவில்லை. கடைசியில் வந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

ஊர் ஊராக சைக்கிளில் வரும் நர்ஸம்மா என்னைப் பார்த்துவிட்டு, “உனக்கு இடுப்பெலும்பு குறுகல். அடுத்தது செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிலதான். வூட்ல வெச்சிக்காத” என்று சொல்லியிருந்தார். நான் அந்தப் பேச்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். மாமியார் சேவலைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு நாள் தள்ளிப்போன உடனேயே அவர் அந்த வேலையைச் செய்துவிட்டார். ஒரே அடையில் பொரித்த இரண்டு செஞ்சேவல்கள் இருந்தன. அண்ணன் தம்பி, அச்சு அசல் ஒரே மாதிரி. அதில் ஒன்றைப் பிடித்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி, காலில் மஞ்சள் நூல் கட்டி, என் வயிற்றுப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று எல்லையம்மனுக்கு நேர்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் நேர்ந்துவிட்ட உயிரை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வைது பேசக் கூடாது. காணிக்கை செலுத்தும் வரை அது ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. இதெல்லாம் சேவலுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, நூல் கட்டின மறுநாளிலிருந்தே அதற்குத் திமிர் வந்துவிட்டது.

சேவல் ஒரு பக்கம் என்றால், மற்ற கோழிகளின் தொல்லை இன்னொரு பக்கம். காலையில் எழுந்தவுடன் சூட்டோடு ஒரு பச்சை முட்டை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கவேண்டும். விழுங்கினால் வாந்தி வரும், வாந்தி எடுத்தால் இன்னொரு முட்டை வரும். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு உடம்பு தேறவேண்டும் என்று இன்னும் முட்டைக்கு வராத வெடைக் கோழிகள் வேறு தனியாக வளர்ந்தன. அவற்றை நரி பிடித்துவிடும் என்று, எனக்காக வெள்ளையடித்து வைத்த அறையிலேயே கூடையைப் போட்டுக் கவிழ்த்தார். படுத்தால் தலைமாட்டில் எச்ச நாற்றம். நர்ஸம்மா வந்து மூக்கைச் சுளித்தார்.

“இது இன்னா ரூமா, கோழிப் பண்ணையா?”

“அதெல்லாம் அவளுக்காவத்தான் வளக்குறேன்” என்றார் மாமியார். எதைக் கேட்டாலும் எனக்காகத்தான். என் எரிச்சலுக்குப் போக்கிடமே இல்லாமல் செய்த வார்த்தை அது.

என் கணவர் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப்புறம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். “பாத்துக்கலாம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். என் கணவருடைய சூப்பர்வைசர் எங்கேயோ நிலம் பார்க்க வந்தவர், சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இவருக்குக் கை கால் ஓடவில்லை. சேவல் அடித்துவிடலாம் என்று ஓடினார். நான் அடுப்பங்கரையிலிருந்து கத்தினேன்.

“நூலு கட்டினத தொட்டுடாதீங்க!”

“எனக்குத் தெரியாதா? பாத்துதான் புடிப்பேன்.”

மாசமாக இருப்பவள் அறுப்பதைப் பார்க்கக் கூடாது. அதனால் கிணற்றுக்குப் பின்னால் கொண்டுபோய் எல்லாவற்றையும் முடித்து, துண்டு போட்டு மஞ்சள் தடவித்தான் என்னிடம் கொடுத்தார். நான் குழம்பு வைத்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். அந்த மாதங்களில் எனக்கு வாய்க்குப் பிடித்த ஒரே சாப்பாடு அதுதான்.

சாயங்காலம் பாத்திரம் கழுவக் கொல்லைக்குப் போனேன். வழியில் சேவல் நின்றது. வழக்கம்போல் காலை இழுத்துக்கொண்டேன். அது என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தேன்.

வேலியோரம் தேடினேன். மழையில் நைந்துபோன மஞ்சள் நூல் முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நூலைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார்.

“ரெண்டு கால்லயும் நூலு இல்ல. அதான் புடிச்சேன்” என்றார்.

“ரெண்டாவது சேவல் கால்லயும் இல்லன்னு பாத்தீங்களா?”

“அத ஏன் பாக்கணும்?”

இந்த மனிதர்தான் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். வந்த கோபத்தில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அம்மாவிடம் மூச்சு விடாதே என்றார். மூச்சு விடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மறுநாள் மாமியார் வந்து பையைக்கூட இறக்கவில்லை, கொல்லைக்குப் போனார். சேவல் அவருக்கும் வழிவிட்டது. அவர் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மகனைக் கூப்பிட்டார். எல்லாம் வெளியே வந்தது. அழுவார், வீட்டை இரண்டாக்குவார் என்று நினைத்தேன். அவர் என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

“நீயும் துன்னியா?”

“துன்னேன்.”

“அப்போ அது எங்கயும் போவல. உன் வயித்துலதான் கீது.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து சேவலுக்கு இருந்த சட்டமெல்லாம் எனக்கு வந்துவிட்டது. என்னை யாரும் வையக் கூடாது. வேலை வாங்கக் கூடாது. நானே வேண்டுமென்று சண்டைக்கு இழுத்தாலும் மாமியார் வாயைத் திறக்கமாட்டார். ‘அம்மன் பொருள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வாய்ச்சண்டையில் வளர்ந்த எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசிச் சட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பிள்ளை பிறந்து, மிச்சமிருந்த சேவலை மாற்றுக் காணிக்கையாகக் கொடுக்கும் வரை நான் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம்.

“அப்போ ஆஸ்பத்திரி?”

“எல்லைக்கு உள்ளயே ஆத்தா பாத்துப்பா.”

“போன தடவயும் எல்லைக்கு உள்ளதானே அத்த இருந்தேன்?”

அவர் முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தார். பதில் இல்லாவிட்டால் மனசை மாற்றிக்கொள்கிற ஜாதி இல்லை அவர்.

“உங்க புள்ளயும்தான் துன்னாரு. அவரு டெய்லி எல்லையத் தாண்டி ஷிப்ட்டுக்குப் போறாரே?”

“வேண்டுதல் அவன் வயித்துக்கா? உன் வயித்துக்குத்தானே.”

“அந்த சூப்பர்வைசரு?”

“அவன் எந்த ஊரோ!”

சுவரோடு பேசினால்கூட எதிரொலி வரும். நர்ஸம்மா வந்து திட்டிப் பார்த்தார். ஒன்பதாம் மாதம் என்னை அழைத்துப்போகப் பிள்ளைப்பாக்கத்திலிருந்து என் அம்மா வளையலும் பலகாரமுமாக வந்தார். வளையலைப் போட்டுவிட்டு, கத்தித் தீர்த்து, அழுதுகொண்டே பஸ் ஏறினார். இவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். நான் ராத்திரியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு கிடந்தேன். சேவல், அம்மன் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் சாப்பிட்டது நான்தானே என்கிற பயம் ஒரு ஓரத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் அந்த வெள்ளையடித்த அறை. மறுபடி ஒரு பிள்ளை அழாமல் பிறந்தால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கார்த்திகை மழையில் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. இவர் முதல் ஷிப்ட்டில் இருந்தார். மாமியார் வெந்நீர் வைக்க ஓடினார். நான் மாற்றுப்புடவையை ஒரு பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டு, ரோட்டுக்கு வந்து நின்றேன். ரெண்டாவது ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வேன் அந்த நேரத்துக்குத்தான் வரும். கையைக் காட்டினேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்ததுமே கதவைத் திறந்தார். உள்ளே இருந்த ஆண்களெல்லாம் பின்சீட்டுக்கு நெருக்கியடித்துப் போனார்கள். வேன் கிளம்பும்போது மாமியார் ஓடிவந்து தொற்றி ஏறினார். மூச்சு வாங்கியதில் அவரால் பேச முடியவில்லை. நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

ஊர் முடிகிற இடத்தில் எல்லையம்மனின் எல்லைக்கல் தெரிந்ததும், “நிறுத்து!” என்று மாமியார் கத்தினார்.

என்னைப் பிடித்து இறக்கப்போகிறார் என்று ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “நான் எறங்கமாட்டேன்! கொன்னாலும் எறங்கமாட்டேன்!”

அவர் தான் மட்டும் இறங்கினார். மழையில் கல்லின் முன்னால் போய் நின்று, வேனில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அம்மனிடம் சொன்னார்.

“தாயே, அவ போறா. வேற வழியில்ல. அவளுக்குப் பதிலு நான் இங்க கீறேன். அவ புள்ளயோட வந்து சேர்ற வரைக்கும் இந்தக் கல்லத் தாண்டமாட்டேன். அவள ஒண்ணும் பண்ணாத.”

பிறகு டிரைவரைப் பார்த்து, “இன்னாய்யா வேடிக்க? போ!” என்றார்.

அந்த நேரத்தில் நான் நெகிழ்ந்துபோனேன் என்று எழுதினால் பொய். எனக்கு வந்தது ஆத்திரம். பெற்று வளர்த்த அனுபவம் உள்ள ஒரே பொம்பளை பாதி வழியில் இறங்கிவிட்டார். கம்பெனி ஆண்களுக்கு நடுவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி முடிவேயில்லாமல் போனது. நான் மாமியாரை, அம்மனை, ரயில்வேயை, சூப்பர்வைசரை என்று ஒருவர் விடாமல் வைதேன். கேட் திறந்ததும் அந்த ஆண்கள் வேனை எனக்கு விட்டுவிட்டு இறங்கிக்கொண்டார்கள். கம்பெனி ஒரு திசை, ஆஸ்பத்திரி எதிர்த் திசை. ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பெண் பிள்ளை. அழுதது. அந்த அழுகையை மயக்கத்தில் நான் கேட்கவில்லை. பிறகு அது அழுதபோதெல்லாம், நிறுத்தாதே, இன்னும் அழு என்று சொல்லிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வார்டில் இருந்தவர்களுக்கு நான் ஒரு மாதிரி என்று தோன்றியிருக்கும்.

மாமியார் வரவில்லை. என் அம்மா வந்து கூட இருந்தார். ஆனாலும் பக்கத்துக் கட்டில்காரி தினமும் கேட்டாள்.

“மாமியாரு எட்டிக்கூட பாக்கலயே. பொட்டப்புள்ளன்னா?”

ஒரு முறை சேவல் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டு ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. இவர் ஷிப்ட் முடிந்து வருவார்.

“அம்மா கேக்கச் சொல்லிச்சு. புள்ள யாரு ஜாடன்னு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“கொழந்த மாதிரிதான் கீதுன்னேன்.”

தையல் பிரித்ததும் அனுப்பினார்கள். பஸ் எல்லைக்கல்லுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எங்களை இறக்கிவிட்டது. இவர் பைகளை எடுத்துக்கொண்டார். நான் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். தூறல் போட்டது. கல்லுக்கு அந்தப்பக்கம் மாமியார் குடையோடு நின்றிருந்தார். கல்லை ஒட்டிக் கால் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, ஓடத் தயாராக நிற்கிற ஆள்போல் நின்றிருந்தார். ஓடிவரவில்லை. எனக்குத் தையல் போட்ட இடம் இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் உயிர் போனது.

“ரெண்டு அடி முன்னால வந்து கொடையாச்சும் புடிங்களேன் அத்த! புள்ள நனையுது!”

“நான் எப்படி வர்றது? நீ இன்னும் தாண்டலயே! வா, வா, பாத்து வா!”

இத்தனை நாளுக்குப் பிறகும் இதே கதைதானா என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நின்றுவிட்டேன். இனி ஒரு அடிகூட எடுத்து வைக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். பிள்ளை சிணுங்கியது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

குடை முன்னால் நீண்டது. கால் நகரவில்லை. இடுப்பு வளைந்து, கை முழுக்க நீட்டி, கல்லுக்கு மேலாகக் குடையைப் பிள்ளையின் தலைக்கு நேராகப் பிடித்தார். அவர் தலையில், முகத்தில், முதுகில் மழை விழுந்துகொண்டிருந்தது. குடை பிடித்த கை எல்லையைத் தாண்டி என் பக்கம்தான் இருந்தது. எதையும் விடாமல் கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை.

நடந்துபோய்ப் பிள்ளையை அவரிடம் கொடுத்தேன்.