புளிச்ச கை

மூன்றாம் தொட்டியைக் கழுவாமல் விட்டவன் என்று இவரைச் சொன்னார்கள். யாரோ வழியில் போகிறவன் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். சொன்னது கூடப் பிறந்த அக்காவின் புருஷன். அதுவும் தன் அப்பாவின் முன்னால், பீர்ப் பட்டறை ஆட்கள் ஏழு பேர் கேட்க, விரலை நீட்டிச் சொன்னார். பதினோரு வருடம் ஆகிறது. அந்த விரல் இன்னும் இவர் நெஞ்சுக்கு நேரேதான் நீண்டிருக்கிறது.

கழுவினார் என்பதுதான் விஷயம். எட்டாம் வகுப்போடு படிப்பை ஏறக்கட்டிவிட்டுப் பால் பண்ணைக்குக் கேன் கழுவப் போனவர் இவர். பால் கேனைக் கழுவத் தெரிந்தவனுக்கு வேறு எந்தப் பாத்திரமும் ஒரு பொருட்டில்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும், அத்தானின் அப்பா நடத்திய பீர்ப் பட்டறையில் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிற ஆள். அப்படித் தேய்த்த தொட்டியில்தான் இரண்டாயிரம் லிட்டர் பீர் புளித்துப் போய்க் கிடந்தது.

"கழுவுறேன்னு உள்ள போயி தூங்கியிருப்பான்ப்பா," என்றார் அத்தான்.

மொத்தத்தையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். விடுவதற்கு முன் இவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பழத்தோலைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு. அதன் பின்னால் நனைந்த பலகை. எல்லாம் இறங்கிய பிறகு மூக்குக்குள் புதுச் செருப்பின் தோல்வாடை. அந்த ருசி நாக்கை விட்டுப் போகவே இல்லை.

அன்றைக்கு அந்த வாசலைத் தாண்டி வந்தவர் திரும்பப் போகவில்லை. ஆனால் பட்டப்பெயர் கூடவே வந்துவிட்டது. புளிச்ச கை. கல்யாணம், காது குத்து என்று சொந்தம் கூடுகிற இடத்தில் இவர் பால் செம்பை எடுத்தால் போதும், அக்காவே ஓடி வந்து பிடுங்குவாள். "நீ தொடாதேடா, திரிஞ்சுடும்." எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் பல்லைக் காட்டி வைப்பார். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. ஒருவேளை அன்றைக்கு நிஜமாகவே ஏதாவது விட்டுப் போச்சோ என்று தன் கை மேலேயே சந்தேகம். கழுவினதையே மறுபடி கழுவுவார். "தட்டுல அச்சு போட்டிருந்த பூவையும் சேர்த்துக் கழுவிட்டீங்க," என்பாள் மனைவி.

பிறகு பார்களில் பீர்க் குழாய் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். காலையில் கடை திறக்கும் முன்னே போய், பேரலிலிருந்து குழாயைக் கழற்றி, ஊதா நிற மருந்தை உள்ளே ஏற்றி, கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, தண்ணீர் விட்டு அலச வேண்டும். குழாயில் அழுக்கு இருந்தால் மருந்து பச்சையாக வெளியே வரும். இல்லாவிட்டால் ஊதா ஊதாவாகவே வரும். இந்த வேலை இவருக்கு ரொம்பப் பிடித்தது. மருந்துக்கு வாய் கிடையாது, ஆனால் பொய் சொல்லாது.

போன வருடம் ஒரு காலை. ஒரு பாரில் அலசி முடித்து, வழக்கம்போல ஒவ்வொரு குழாயிலும் ஒரு மடக்கு பிடித்து ருசி பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்தாவது குழாயில் தூக்கிவாரிப் போட்டது. புளிப்பு. சுரீர் என்று ஏறி இரண்டு காதும் அடைத்தன.

மறுபடி மருந்து ஏற்றினார். ஊதாவாகத்தான் வந்தது. குழாயின் மூக்கைத் திருகிக் கழற்றிப் பிரஷ் விட்டுத் தேய்த்து, மூன்றாம் முறை ஏற்றினார். அப்போதும் ஊதா. பிடித்துக் குடித்தார். அதே புளிப்பு. பத்து வருடத்துக்கு முந்தைய வியர்வை அத்தனையும் முதுகில் திரும்ப வந்து வழிந்தது.

பார் நடத்துகிற அம்மா உள்ளே வந்தாள். "என்னண்ணே, குழாயைக் குளிப்பாட்டிட்டே இருக்கீங்க. பவுடர் போட்டு விடப் போறீங்களா?"

"அஞ்சாவது போச்சும்மா. நான் நல்லாதான் கழுவினேன். சத்தியமா கழுவினேன். ஆனா புளிக்குது."

அவள் இவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை. "அண்ணே, அது புளிப்பு பீர்தான். புளிக்கணும்னே போடுறாங்க. இங்க வர்றவங்க அதைத்தான் முதல்ல கேக்குறாங்க."

இவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். புளித்ததற்காக ஒருவனைத் துரத்தியிருக்கிறார்கள். இங்கே புளிப்புக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

அன்றிலிருந்து வேறு வேலையே ஓடவில்லை. எந்தப் பாருக்குப் போனாலும், "புளிப்பு இருக்கா?" என்று கேட்டு, விரல் உயரத்துக்கு வாங்கி நாக்கில் நிறுத்திப் பார்த்தார். குழாய்க் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். பெரிய அண்டாவிலேயே இரண்டு நாளில் புளிக்க வைக்கிறது ஒரு ஜாதி. எலுமிச்சையைப் பல்லில் தேய்த்த மாதிரி பளிச்சென்று வரும், உடனே ஓடிவிடும். அதையே இன்னொரு பட்டறை போட்டால் பால் பண்ணைத் தரையில் சிந்திய மோர்த் தண்ணி வாடை. ஒன்றில் உப்புக் கரித்தது. தவறி விழுந்துவிட்டது என்று இவர் பயந்தால், போட்டதுதான் என்றார்கள். சிவப்புப் பழம் போட்டது ஒன்று, இருமல் மருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒருமுறை ஒரு பாட்டிலை முகர்ந்த உடனே, "இது காடி. இது நிஜமாவே கெட்டுப் போனது," என்றார். கடைக்காரர் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பினார். அப்போதுதான் தன் நாக்கு மேல் இவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் அந்த ருசி மட்டும் எதிலும் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பழைய பாருக்குப் போனபோது அந்த அம்மா ஒரு சின்ன கிளாசை நகர்த்தினாள். "இதைப் பாருங்கண்ணே. மரப் பீப்பாயில ரெண்டு வருஷம் கிடந்ததாம்."

பழத்தோல். நனைந்த பலகை. இவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். வந்தது, புதுச் செருப்பின் தோல்வாடை.

"எந்தப் பட்டறை?"

அவள் பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். அத்தானின் பட்டறை. அந்தப் பெயருக்கு மேலே ஒரு விரிந்த கை வரைந்திருந்தது. கைக்குக் கீழே கொட்டை எழுத்தில் பெயர்: புளிச்ச கை.

இவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தாள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, காலிப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை காலிப் பாட்டிலோடு அந்த வாசலுக்குள் நுழைந்தார். தொட்டிகள் நின்ற இடத்தில் பாதிக்கு மேல் மரப் பீப்பாய்கள். அத்தானுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"மச்சானா? வா, உட்காரு."

"உட்கார வரல அத்தான். மூணாம் தொட்டியை நான் கழுவினேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மறுப்பார், சண்டை வரும், சட்டையைப் பிடிக்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அத்தான் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"கழுவினே."

இவர் காலிப் பாட்டிலை மேஜை மேல் வைத்தார்.

"மரத்தை உள்ளயே சேர்க்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு. நான்தான் அவருக்குத் தெரியாம பழைய ஒயின் பீப்பாய் ரெண்டு வாங்கிப் பீரை ஊத்தி வெச்சேன். அப்புறம் பயந்துபோயி ஒண்ணுல இருந்ததைத் திரும்ப மூணாம் தொட்டியிலயே விட்டுட்டேன். மரத்துல குடியிருந்த கிருமி தொட்டி பூரா பரவிடுச்சு. நீ நூறு தடவை கழுவியிருந்தாலும் புளிச்சிருக்கும்."

"இன்னொரு பீப்பாய்?"

"சாக்குக்கு அடியில மறந்து கிடந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, அப்பா போனப்புறம் திறந்தேன். இங்க நிக்கிற எல்லாம் அதோட பிள்ளைங்கதான்."

"அதுக்கு என் கையை எதுக்குப் பாட்டில்ல ஒட்டினீங்க?"

"வேற என்ன பேரு வைக்கிறது மச்சான்? உன் பேரைச் சொல்லித்தானே புளிச்சுது." கொஞ்சம் பொறுத்து, "மரியாதைக்குத்தான்," என்றார்.

சிரிப்பதா அறைவதா என்று இவருக்குத் தெரியவில்லை. ஒருத்தன் இவ்வளவு வெட்கமில்லாமலும் இவ்வளவு பாவமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இதுவரை இவர் பார்த்ததில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

அத்தான் தலையை ஆட்டினார். தெரியாது.

அதே சமயம் பின்கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். தம்பியைப் பார்த்ததும் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. கண் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. "என்னடா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? பார்த்து, எதையும் தொட்டுத் தொலைக்காதே."

இவர் தன் கையைப் பார்த்தார். மருந்துபட்டு வெடித்த கை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தான் நெருங்கி வந்து இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகச் சொன்னார்:

"மச்சான், என் வாயால வராது. நீயே அவகிட்ட சொல்லிடு."