இன்குபேட்டருக்கு வைத்த பொட்டு

ஜெர்மனியில் நான் கண்ணாடிச் சாமான் கழுவும் ஆய்வகத்தில், ஒரு தட்டில் நகக்கண் அளவு இதயச்சதை துடிக்கிறது. உடம்பு கிடையாது, ஆள் கிடையாது. அங்கேயே வளர்த்தது. மாரடைப்பில் கெட்டுப்போன இதயத்தில் இதை ஒட்டுப்போட முடியுமா என்று பார்க்கிறார்கள். ஆராய்ச்சி செய்யும் எல்கெ, தட்டு இருக்கும் இன்குபேட்டரைத் திறக்கும்போது நானும் எட்டிப் பார்ப்பேன். அது உயிரா, பொருளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போனேன். அது சலித்ததும் நாமக்கல்லில் கோழிக்குஞ்சு பொரிக்கும் இடத்தில் இரண்டு வருடம். அங்கேயும் இன்குபேட்டர்தான். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைக்காமல் முதலாளி அதைத் தொட விடமாட்டார். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிய என் அண்ணனுக்கு, மாரடைப்புக்குப் பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நான் இங்கே சேர்ந்ததிலிருந்து ஞாயிறுதோறும் போனில் ஒரே கேள்வி.

“ஏன்டா, அந்த ஒட்டு எனக்கு எப்பப் போடுவாங்க? பஞ்சர் ஒட்டற மாதிரித்தான?”

“கேட்டுச் சொல்றனுங்ணா.”

கேட்கவில்லை. ஒட்டு வரப்போகிறதே என்று அவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டதை அண்ணி சொன்ன பிறகும் கேட்கவில்லை. ஆயுத பூஜை வந்தது. இன்குபேட்டர் கதவில் குங்குமப் பொட்டு வைத்தேன்.

எல்கெ அதை ரத்தம் என்று நினைத்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சாமிக்கு. என் அண்ணன், இதயம்” என்று தட்டைக் காட்டினேன்.

“உன் அண்ணனிடமிருந்து எடுத்ததா? இல்லையே.”

“அவருக்கு வேண்டும். இது வருமென்று மாத்திரையைக் குறைத்துவிட்டார்.”

அவள் ஸ்பிரிட் நனைத்த துணியை எடுத்தாள். “இதை இன்னும் எலிக்குக்கூட வைத்துப் பார்க்கவில்லை. மனிதருக்கு எப்போது என்று எனக்கே தெரியாது. மாத்திரையை மட்டும் விடவேண்டாம் என்று சொல்.” பிறகு கதவை இரண்டு தடவை துடைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

“ஒட்டு இப்பத்திக்கு இல்லீங்ணா. இன்னும் எலிக்கே வெச்சுப் பாக்கலியாம். மாத்திரைய உட்றாதீங்க.”

போனில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தறிச் சத்தம் கேட்டது.

“எலிக்கப்புறம்தான் நானாக்கும்? செரி, ஒன்னைத் திட்டி என்ன பண்றது. அது இன்னைக்குத் துடிச்சுதா?”

“துடிச்சுதுங்ணா.”

“செரி. உங்கண்ணிகிட்ட மாத்திரைய எடுக்கச் சொல்றேன்.”

இன்று காலை பார்த்தேன். கதவின் கீல் இடுக்கில் அண்ணி கொடுத்துவிட்ட குங்குமம் ஒரு பொட்டளவு மிச்சம் இருக்கிறது. எல்கெ கவனிக்கவில்லை. துடைப்பது என் வேலை. உள்ளே அது துடிக்கிறது. நான் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.